மான்களின் நடமாட்டத்தைத் தானியங்கிக் காமிராவால் அறியும் முறை

வனத்தையும் தரிசையும் அடுத்த நிலங்களில் பயிர்ச் சேதம் நேர்ந்தால், முதலிற் செய்யத்தக்கது சேதம் விளைத்த பிராணி இன்னதென்று ஐயமற அறிதலேயாகும். மான் மேய்ந்ததா, காட்டுப்பன்றி கிளறியதா, அவிழ்த்துவிட்ட மாடு புகுந்ததா என்பதைத் தெளியாமல் வேலிக்குப் பணம் செலவிடுதல் வீண். மான் உயரத் தாண்டும். ஆகையால் வேலியின் உயரம் முக்கியம். பன்றி அடியில் தோண்டி நுழையும்; ஆகையால் வேலியின் அடிப்பாகம் முக்கியம். மாடாயின் வேலியைவிட மாட்டுக்கு உடையவரிடம் பேசுவதே பரிகாரம்.

வேளாங்கண்ணியிலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் வேதாரண்யமும், அதற்கப்பால் கோடிக்கரையும் வரும். கோடிக்கரை வனம் 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. வெளிமானே இங்குள்ள பிராணிகளுள் தலையாயது. புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, காட்டில் திரியும் மட்டக்குதிரை ஆகியவையும் உண்டு. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல் இவ்வனத்தையும் பிராணிகளையும் பெரிதும் வருத்தியது. வெளிமான் மேயும் புல்வெளிகளைச் சீமைக்கருவேல் பரவிச் சுருக்கிவருகிறது.

வேட்டையும் சட்டமும்

அமெரிக்கா முதலிய நாடுகளில் வேட்டைக்காரர்கள் மான் வரும் தடத்தையும் வேளையையும் அறிவதற்கு இக்காமிராக்களை மரங்களிற் கட்டுகின்றனர். அங்கும் இது கட்டுப்பாடின்றி நடைபெறுவதன்று. அரிஸோனா மாகாணம் வேட்டையின் பொருட்டு இவற்றை உபயோகிப்பதை 2022 ஜனவரி முதல் தடை செய்தது. இந்தியாவிலோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். வெளிமான் அச்சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்தது. அதனைக் கொல்வோருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. ஆகவே இந்நாட்டு விவசாயிக்குக் காமிரா பயிரைக் காக்கும் கருவியேயன்றி வேட்டைக்குத் துணையன்று. சரணாலய எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி எதனையும் நிறுவலாகாது. சொந்தப் பட்டா நிலத்தின் வரப்போரமே தக்க இடம்.

கருவியின் வரலாறும் இயல்பும்

இம்முறை புதியதன்று. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் கயிறு இடறினால் ஒளி வீசிப் படமெடுக்கும் காமிராவை அமைத்து, இரவில் மான்களை எடுத்த படங்களை 1906-இல் வெளியிட்டார். இந்தியாவில் வன அதிகாரி எப்.டபிள்யூ. சாம்பியன் அவ்வழியே புலிகளைப் படமெடுத்து 1927-இல் நூலாக்கினார். 2018-ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் நிறுவப்பட்டு, 3 கோடியே 48 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்தன.

இக்காலத்துக் காமிராவிற்குக் கயிறு வேண்டுவதில்லை. பிராணியின் உடற்சூட்டிற்கும் சுற்றுப்புறச் சூட்டிற்கும் உள்ள வேற்றுமை கருவியின் முன் நகரும்போது, அது தானே உணர்ந்து படமெடுக்கிறது. இரவில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உபயோகிப்பதால் பிராணி மிரள்வது குறைவு.

அமைக்கும் முறை

1. முதலில் வயலைச் சுற்றி நடந்து, குளம்புத் தடம், புழுக்கை, மேய்ந்த தாள், வேலியிலுள்ள சந்து ஆகியவற்றைக் கண்டு, பிராணி புகும் வழியைத் தீர்மானிக்கவேண்டும். கருவியை வயலின் நடுவில் வைப்பதால் பயனில்லை. புகும் வழியில் வைப்பதே நன்று.

2. பனை, சவுக்கு போன்ற ஆடாத மரத்தில் தரையிலிருந்து 2½ முதல் 3 அடி உயரத்தில், தடத்திலிருந்து 10 முதல் 15 அடி தூரத்தில் வாரினாற் கட்டவேண்டும். தடத்தை நேர்க்குறுக்காக நோக்காமல் சற்றுச் சாய்வாக நோக்கினால், விரைந்தோடும் மானும் படத்தில் அகப்படும்.

3. கிழக்கையும் மேற்கையும் நோக்கி வைத்தால் காலை மாலை வெயில் பட்டுப் படம் கெடும். வடக்கு அல்லது தெற்கு முகமாக வைத்தல் வேண்டும்.

4. எதிரே அசையும் புல்லையும் கிளையையும் நீக்கவேண்டும். காற்றில் அவை ஆடினால் வெறும் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து மின்கலம் தீரும்.

5. தேதியையும் மணியையும் சரியாக அமைக்கவேண்டும். தேதி தவறிய படம் அதிகாரிகளிடம் சான்றாகாது.

6. தானியமோ உப்போ இட்டுப் பிராணியை அழைத்தல் கூடாது. வாராத பிராணியும் பழகி வயலுக்கு வந்துவிடும்.

7. கடற்காற்றின் உப்பு மின்கல முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். வாரம் ஒருமுறை துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் ஏறும் தாழ்ந்த இடத்தை விலக்கவேண்டும்.

படங்களைப் படிக்கும் விதம்

இரண்டு வாரமேனும் கருவி இருந்தாலன்றி எதனையும் முடிவு செய்யலாகாது. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறும் உடையது ஆண் வெளிமான். உடலெங்கும் வெண்புள்ளியும் கிளைத்த கொம்பும் உடையது ஆண் புள்ளிமான். வெளிமான் பெரும்பாலும் பகலில் மேய்வது. காட்டுப்பன்றி பெரும்பாலும் இரவில் வருவது. கடும் வெயிலில் தரையின் சூடு உடற்சூட்டை ஒத்துவிடுவதால் நண்பகலில் கருவி சில பிராணிகளை உணராமற் போகலாம். எனவே படமில்லாமையைக் கொண்டு வெளிமான் வரவில்லை எனல் பிழை.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். பத்துப் படங்கள் பத்து மான்களைக் குறிப்பதில்லை. ஒரே மான் பத்துமுறை வந்திருக்கலாம். ஒரே படத்தில் அதிகமாகக் காணும் எண்ணையே குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுதல் தகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

பொதுநடைபாதை, குளத்துப் படித்துறை, பெண்கள் சென்றுவரும் ஒதுக்குப்புறம் ஆகிய இடங்களை நோக்கி எவரும் காமிரா கட்டாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும். கருவி வைக்குமுன் ஊராருக்கு அறிவிப்பது தகும். மனிதர் உருவம் விழுந்த படங்களை உடனே அழித்துவிடவேண்டும். பயிர்ச் சேத நிவாரணம் கோரும் விண்ணப்பத்தோடு, சர்வே எண்ணையும் தேதியிட்ட படத்தையும் சேர்த்து வனச்சரகருக்கு அனுப்பச் செய்தால் விசாரணை எளிதாகும்.

சேதத்தால் மனம் நொந்த சிலர் வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதுண்டு. அது சட்ட விரோதம் மட்டுமன்று. அவ்வேலியில் மானுக்கு முன்னே நீர் பாய்ச்ச வரும் கூலியாளோ, அடுத்த வயல் சிறுவனோ உயிரிழக்கக்கூடும். எதிரி யாரென்று அறியாதபோதே இத்தகைய விபரீத உபாயங்கள் தோன்றும். எவ்வழியில், எவ்வேளையில், எப்பிராணி வருகிறதென்று தெரிந்துவிட்டால், அவ்வொரு சந்தை அடைப்பதும், அவ்வொரு வேளையில் காவலிருப்பதும் பல இடங்களில் போதுமானதாகும்.