பேசாமடந்தைக்கு அக்காவோட டிப்ஸ்

"இந்த வாயில்லாப்பூச்சியா பெரியவங்களைப் பாத்துக்கப் போறா?"ன்னு அத்தை கேட்டாங்களே, நீ அதுக்கும் பதில் சொல்லலை. சரிதான், நம்ம வீட்டு ரத்தம். பெங்களூர் அல்சூர்ல முதியோர் இல்லத்துல வேலை பாக்கற நானும் ஒரு காலத்துல ஊமைக்கோட்டான்தான். அதனால கேளு.

முதல்ல குரல். வயசானா காது ஒரேயடியாப் போறதில்லை. உச்சத்துல கீச்சுன்னு வர்ற ஒலிதான் முதல்ல தேயும். கத்தினா சத்தம் கூடும், சொல் விளங்காது. டிவியை அணைச்சுட்டு, உன் முகத்துல வெளிச்சம் விழற மாதிரி எதிர்ல உட்காரு. தணிஞ்ச குரல்ல நிறுத்தி நிறுத்திப் பேசு. அந்தக் குரல் உனக்குப் பிறவியிலேயே இருக்கு. முணுமுணுக்க மட்டும் செய்யாதே.

என்ன பேசறதுன்னு திண்டாட வேணாம். அல்சூர்ல ஒரு கேள்வி போதும்: "ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலை திறந்தாங்களே, போனீங்களா தாத்தா?" 1991லேர்ந்து பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ல திறந்த சிலை. போனவங்க கூட்டத்தைப் பத்திச் சொல்வாங்க, போகாதவங்க ஏன் போகலைன்னு இன்னும் நீளமாச் சொல்வாங்க. அடுத்த நாள் பேச சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு இருக்கு. நகம் வெட்டிக்கிட்டே நீ 'உம்' கொட்டினாப் போதும்.

மறதி நோய் வந்தவங்க கதை வேற. பின்னால கத்துக்கிட்ட பாஷை முன்னால நழுவறது உண்டு. எங்க இல்லத்துப் பாட்டி ஒருத்தங்க ஆபீஸ்ல இங்கிலீஷும் கன்னடமுமா வாழ்ந்தவங்க. இப்ப "நீரு பேக்கா அஜ்ஜி?"ன்னு கேட்டா வெறிச்சுப் பாக்கறாங்க. "தண்ணி"ன்னு சொல்லி டம்ளரைக் கையில வச்சு, அவங்க விரலை ஒவ்வொண்ணா மடக்கி விட்டா, தானே வாய்க்குக் கொண்டு போறாங்க. நேரா உட்கார வச்சுக் கொடு, சாய்ஞ்சபடி குடிச்சா புரையேறும். சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்க விடாதே.

உன்னை மாதிரி ஆளுங்க பண்ற தப்பு ஒண்ணு: சத்தமில்லாம வந்து போர்வையை இழுக்கறது. அவங்க தூக்கிவாரிப் போட்டுக் கையைத் தட்டி விடுவாங்க, பட்டம் என்னவோ 'முரட்டுப் பாட்டி'ன்னு. தொடறதுக்கு முன்னாடி "பாட்டி, திருப்பிப் படுக்க வைக்கறேன்"னு சொல்லிடு. அவங்களுக்குப் புரியலைன்னாலும் சொல்லு.

இப்ப நான் பட்டதைச் சொல்றேன். முன்ன இருந்த ஒரு இடத்துல, படுத்த படுக்கையா இருந்த பாட்டியோட குதிகால்ல காசளவு சிவப்பைப் பாத்தேன். விரலால அழுத்தினா வெளுக்கலை. ஷிப்ட் மாத்தும்போது எல்லாரும் ஒரே நேரத்துல பேசிக்கிட்டிருந்தாங்க. நடுவுல புகுந்து சொல்ல எனக்கு நா எழலை, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். ரெண்டு நாள்ல அது புண்ணாச்சு. ஆறறதுக்கு ரெண்டு மாசம். வாய் வராட்டி எழுதிக் கொடு. நேரம், இடம், என்ன பாத்தே, அவ்வளவுதான். ரெஜிஸ்டர்லயும் எழுதி, துண்டுச் சீட்டை நர்ஸ் கையிலயே கொடு, மேஜையில வச்சுட்டு வராதே. ரெண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்க வச்சதையும் எழுது. பாதிச் சாப்பாடு மிச்சம் வச்சாங்கன்னா, இன்சுலின் போடறதுக்கு முன்னாடியே நர்ஸுக்குத் தெரியணும். அங்க கூச்சம் செல்லாது.

அமெரிக்காவுலேர்ந்து ஒரு பாட்டியோட மகன் போன் பண்ணினா கை நடுங்குமே, அதுக்கும் சீட்டுதான். சாப்பாடு, மோஷன், தூக்கம். மூணையும் படிச்சுட்டு போனை அம்மா கையில கொடுத்துடு, மீதியை அவங்களே பாத்துக்குவாங்க.

டீ டயத்துல எல்லாரும் கதையடிக்கும்போது நீ மாடியில தனியா உட்கார்ந்தா திமிருன்னுதான் சொல்வாங்க. முதல் மாசம் அஞ்சு நிமிஷமாவது கூட நில்லு, "ஊட்டா ஆய்த்தா?", சாப்பாடாச்சான்னு கேட்டுட்டு மாடிக்குப் போ. நாள் பூரா ஆளுங்க நடுவுல இருந்துட்டு அந்தத் தனிமையும் இல்லேன்னா, சாயங்காலம் உனக்கே சிடுசிடுப்பு வந்துடும்.

நாளைக்கு நைட் ஷிப்ட்தானே? அலமாரி மேல என் பழைய டார்ச் இருக்கு, கண்ணாடியில மஞ்சள் துணி கட்டினது. எடுத்துட்டுப் போ. டயப்பர் மாத்த டியூப்லைட்டைப் போட்டியோ, ஆறு கட்டிலும் முழிச்சுக்கும்.