நூலகத் தேடுபெட்டியில் நம்ம மயிலாடி



ஒரு சின்னச் சோதனையோட ஆரம்பிக்கலாம். ஏதாவது ஒரு மின்நூலகத்தைத் திறங்க. தேடுபெட்டியில் 'மயிலாடி'ன்னு போடுங்க, அடுத்து 'மைலாடி'. பிறகு ஆங்கிலத்தில், உச்சரிப்புப்படி எம்-ஏ-ஒய்-ஐ-எல்-ஏ-டி-ஐ. கடைசியா, அரசுப் பதிவுகளில் வர்ற மாதிரி எம்-ஒய்-எல்-ஏ-யு-டி-ஒய். நாலுக்கும் ஒரே விடை வருதான்னு பாருங்க. ஊர் ஒண்ணுதான், கணினிக்கு அது நாலு தனிச்சொல்.

இதுல என்ன நஷ்டம்னு கேட்கலாம். மயிலாடி கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 1806-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே இங்கே வந்தார். 1809-ல் தேவாலயம் எழுந்தது. இதையெல்லாம் ஆராய வர்ற ஒருத்தர் ஒரே எழுத்துக்கூட்டலோட நின்னுட்டா, இருக்கிற புத்தகமும் அவருக்கு இல்லாத புத்தகம்தான்.

மூணு அடுக்கு

கல்லூரி, பல்கலைக்கழக நூலகத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை மூணு அடுக்கா பிரிச்சுப் பார்க்கலாம்.

முதலாவது, நூற்பட்டியல். புத்தகம் எந்த அலமாரியில் இருக்கு, யார் கையில் இருக்குன்னு சொல்றது. இதுக்குப் பரவலா பயன்படுற 'கோஹா' ஒரு கட்டற்ற மென்பொருள். நியூசிலாந்தின் ஒரு பொது நூலகத்துக்காக உருவாகி, 2000-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாவது, களஞ்சியம். ஆய்வேடு, புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் சேமிக்கிற இடம். எம்.ஐ.டி.யும் எச்.பி. நிறுவனமும் 2002-ல் வெளியிட்ட 'டிஸ்பேஸ்' இதுக்கானது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'சோத்கங்கா'வில் இலவசமா படிக்கலாம்.

மூணாவது, பல களஞ்சியங்களை ஒரே இடத்திலிருந்து தேடுறது. ஐ.ஐ.டி. கரக்பூர் உருவாக்கிய தேசிய மின்நூலகம் இந்த வகை.

தமிழ் எங்கே இடறுது?

ஒண்ணு: ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். எழுத்துணரி மென்பொருள் அதைப் படிச்சு எழுத்தா மாத்தினாத்தான் உள்ளே தேட முடியும்.

இரண்டு: பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிச்ச கோப்பு. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாத்தணும்.

மூணு: யூனிகோடிலேயும் ஒரு பொறி இருக்கு. 'நாகர்கோவில்'ல வர்ற 'கோ'வை எடுத்துக்குங்க. ககரத்தோட ஓகாரக் குறியை ஒரே குறியீடா சேமிக்கலாம்; இரட்டைக்கொம்பு, கால்னு இரண்டு குறியீடாவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒண்ணுதான். நேரடியா ஒப்பிடுற தேடலுக்கு வேற வேற. தீர்வு, சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாத்துறது. பைத்தானில் ஒரே வரி வேலை.

ஆனா மயிலாடி, மைலாடி சிக்கலை எந்த ஒரு வரியும் தீர்க்காது. ஒரு பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே பதிவில் கட்டி வைக்கணும். கோஹாவில் அதுக்கு வசதி உண்டு. நிரப்ப மனுஷன் வேணும்.

உங்க பங்கு

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்தப்போ, 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தணும்கிறது. அப்போ கம்ப்யூட்டர் கிடையாது. விதி இன்னைக்கும் அதேதான்.

இறுதியாண்டு நண்பர்களே, மயிலாடிக் கல்தூளைக் கான்கிரீட்டில் கலந்து புராஜெக்ட் செய்றீங்கன்னு வைங்க. களஞ்சியத்தில் ஏத்தும்போது 'குறிச்சொற்கள்' கட்டத்தை அவசரத்தில் காலியா விட்டுடாதீங்க. ஊர்ப்பெயரை நாலு விதமாவும் எழுதுங்க. கல்லின் வகை, செய்த சோதனை, ஆண்டு எல்லாம் சேருங்க. கோப்பின் பெயர் 'ஃபைனல் நியூ 2'ன்னு இருக்க வேண்டாம்.

ஐந்து நிமிஷ வேலைதான். அதைச் செய்யாம விட்டா, அடுத்த வருஷம் ஜூனியர் ஒருத்தர் அதே கல்தூளை முதல்லேர்ந்து சலிச்சுக்கிட்டு இருப்பார்.