200 வந்துவிட்டது, போன் மட்டும் ஒலிக்கவில்லை

கணினி கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஊருக்கென்று ஒரு செய்தி ஆப் நடத்துகிறேன். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. செய்தி ஏற்றியதும் சர்வரில் இருக்கும் சின்ன பிஎச்பி ஸ்கிரிப்ட் எல்லாருக்கும் நோட்டிபிகேஷன் அனுப்பிவிடும். 2019-ல் தெரிந்த தம்பி ஒருவர் எழுதிக் கொடுத்தது. 2024-ல் ஒரு நாள் நின்றது, நின்றதுதான். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. தம்பி இப்போது துபாயில் இருக்கிறார். எங்கே போய்ப் பிடிப்பது?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பியைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அவர் மேல் குற்றமில்லை. நீங்கள் தொடவில்லை, கூகுள் தொட்டிருக்கிறது.

ஸ்கிரிப்டைத் திறந்து, 'கீ=' என்று ஆரம்பித்து நீளமாக ஓர் எழுத்துச் சரம் ஓடுகிறதா என்று பாருங்கள். அதுதான் பழைய 'சர்வர் கீ'. அதை வைத்துக்கொண்டு ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங்குக்கு ஒரு கோரிக்கை அனுப்பினால் அந்தக் காலத்தில் வேலை முடிந்தது. இந்த வழியை மூடப்போகிறோம் என்று கூகுள் 2023 ஜூனில் சொன்னது, 2024 ஜூலையில் மூடத் தொடங்கியது. சொன்ன மின்னஞ்சல் தம்பியின் பெட்டிக்குப் போயிருக்கும்.

மூடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கீ தானாகக் காலாவதி ஆகாது. ஒருவர் கையில் சிக்கினால் உங்கள் பெயரில் உங்கள் வாசகர்கள் எல்லாருக்கும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆப்புக்குள்ளேயே அந்தக் கீயைப் புதைத்து பிளே ஸ்டோரில் ஏற்றியவர்களை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டிவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

இப்போது உள்ள வழிக்குப் பெயர் எச்டிடிபி வி1. ஃபயர்பேஸ் கன்சோலில் புராஜெக்ட் செட்டிங்ஸ், அதில் சர்வீஸ் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் ஒரு சாவிக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் அந்தச் சாவியால் ஒரு சிறு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு கூகுளிடம் நீட்டும், பதிலுக்கு ஒரு மணி நேரம் மட்டும் செல்லுபடியாகும் அனுமதி டோக்கன் கிடைக்கும். அந்த டோக்கனோடுதான் செய்தியை அனுப்ப வேண்டும். இந்தக் கையெழுத்து வேலையை நீங்களே எழுதப் போகாதீர்கள். பிஎச்பிக்குக் கூகுளின் அட்மின் எஸ்டிகே கிடையாது என்றாலும், அனுமதி டோக்கன் வாங்கும் நூலகத்தைக் கூகுளே கொடுக்கிறது, கம்போசர் மூலம் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கிய டோக்கனைப் பத்திரப்படுத்தி அந்த மணி நேரம் முழுக்கப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு செய்திக்கும் புது டோக்கன் வாங்குவது தேவையில்லாத அலைச்சல்.

இங்கே மூன்று இடத்தில் கால் இடறும். முதலாவது, சாவிக் கோப்பை வைக்கும் இடம். உலாவியில் முகவரி தட்டினால் திறக்கிற ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் ஊருக்கே பொது. அதற்கு மேல் மட்டத்தில் வையுங்கள். இரண்டாவது, சர்வரின் கடிகாரம். அது சில நிமிடங்கள் தப்பாக ஓடினாலே கையெழுத்தை ஏற்காமல் 'இன்வேலிட் கிராண்ட்' என்று திருப்பிவிடும். சாவி தப்போ என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள். முதலில் சர்வரில் மணி என்ன என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேரை அழ வைப்பது. செய்தியோடு 'டேட்டா' என்ற பகுதியில் செய்தி எண் மாதிரி விவரங்களை அனுப்புவோம் அல்லவா, புது முறையில் அதன் மதிப்புகள் எல்லாமே சரமாக இருக்க வேண்டும். 1842 என்று வெறும் எண்ணாகப் போட்டால் 400 என்ற பிழையோடு முழுச் செய்தியும் திரும்பிவிடும். அதே 1842-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டால் போய்ச் சேரும்.

பழைய முறையில் ஒரே கோரிக்கையில் 1,000 பேருடைய போன் டோக்கன்களை (மேலே சொன்ன அனுமதி டோக்கன் அல்ல, போனில் உள்ள ஆப்பின் முகவரி) அடுக்கலாம். வி1-ல் அது இல்லை, ஒரு கோரிக்கைக்கு ஒரு போன் டோக்கன்தான். உங்களுக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாருக்கும் ஒரே செய்திதானே? ஆப்பைத் திறந்ததும் ஒரு டாபிக்கில் சேர்ந்துகொள்ளும்படி செய்துவிட்டு, அந்த டாபிக்குக்கு ஒரே ஒரு கோரிக்கை அனுப்புங்கள்.

இத்தனையும் செய்தபின் ஆண்ட்ராய்டுக்குப் போகிறது, ஐபோனுக்கு மட்டும் போகவில்லை என்றால் ஆப்பிள் பக்கத்துச் சான்றிதழைப் பாருங்கள். அது வருடத்துக்கு ஒரு முறை காலாவதியாகும். அதற்குப் பதில் ஆப்பிள் தரும் பி8 சாவியை ஃபயர்பேஸில் ஏற்றிவிட்டால் வருடாந்திரத் தலைவலி இல்லை.

கேள்வி: மஞ்சள் விவசாயிகளுக்கான ஆப் எங்களுடையது. ஒவ்வொருவருக்கும் அவரவர் ரகத்தின் அன்றைய விலையையும், வர வேண்டிய பாக்கித் தொகையையும் தனித்தனியாக அனுப்ப ஆசை. முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக முடியும். சர்வரில் ஒரு டேபிள், அதில் விவசாயியின் எண், அவர் போனின் டோக்கன், ரகம். ஸ்கிரிப்ட் வரிசையாகப் படித்து ஆளுக்கொரு வாசகம் கட்டி அனுப்பிக்கொண்டே போகும். இதை எழுத அரை நாள் ஆகாது. நான் சொல்ல வந்தது வேறு.

டோக்கன் என்பது ஆளின் முகவரி அல்ல. அந்தப் போனில் நிறுவிய அந்த ஆப்பின் முகவரி. அண்ணன் லாக்-அவுட் செய்துவிட்டுத் தம்பி லாக்-இன் செய்தாலும் டோக்கன் அதேதான். டேபிளில் அண்ணன் பெயரிலேயே விட்டுவைத்தால் அண்ணனின் பாக்கி தம்பி போனில் ஒலிக்கும். பாகப்பிரிவினை நடக்கிற வீடாக இருந்தால் நீங்கள் பஞ்சாயத்துக்கும் போக வேண்டியிருக்கும். லாக்-அவுட் ஆன உடனே அந்த வரியை டேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு போன் இருக்கலாம் என்பதையும் டேபிள் தாங்க வேண்டும்.

பாக்கித் தொகையை வாசகத்தில் எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. பூட்டிய திரையிலும் நோட்டிபிகேஷன் தெரியும், டீக்கடை மேசையில் கிடக்கும் போனை யாரும் படிக்கலாம். 'உங்கள் கணக்கில் மாற்றம், ஆப்பைத் திறந்து பார்க்கவும்' என்பது போதும். விலையை எழுதுங்கள், அது ஊரறிந்த விஷயம்.

அடுத்தது செய்தியின் ஆயுள். நீங்கள் ஒன்றும் குறிப்பிடாவிட்டால், அணைந்து கிடக்கும் போனுக்கான செய்தியை ஃபயர்பேஸ் நான்கு வாரம் வரை வைத்திருக்கும். செய்தி ஆப்புக்கு அது பரவாயில்லை. திங்கட்கிழமை ஏல விலை, போனைத் திறந்த வியாழக்கிழமை அன்று 'இன்றைய விலை' என்று வந்து நின்றால்? அதை நம்பி மூட்டையை வண்டியில் ஏற்றுகிறவர் உங்களைச் சும்மா விடுவாரா? ஆண்ட்ராய்டு பகுதியில் ஆயுளை '7200எஸ்' என்று, அதாவது இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஐபோனுக்குக் கணக்கு வேறு. அங்கே 'இத்தனை நொடி' என்று சொல்லக் கூடாது, காலாவதி ஆகும் நேரத்தையே யூனிக்ஸ் கணக்கில் எழுத வேண்டும். 7200 என்று போட்டால் 1970-லேயே காலாவதி ஆன செய்தி என்று பொருள்.

காலையில் விலை நான்கு முறை மாறினால் நான்கு நோட்டிபிகேஷன் அடுக்கிக் கிடக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் 'டேக்', ஐபோனில் 'கொலாப்ஸ் ஐடி' என்று ஒன்று உண்டு. நான்குக்கும் ஒரே பெயர் கொடுத்தால் புதியது பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: தலைப்பு நீளமாக இருந்தால் சப்ஸ்ட்ர் போட்டு வெட்டி அனுப்புகிறோம். ஆங்கிலத்தில் பிரச்சினை இல்லை. தமிழில் சில நாள் போகிறது, சில நாள் போகவே மாட்டேன் என்கிறது. போன நாளிலும் கடைசி எழுத்து கொத்துப் பரோட்டாவாக வருகிறது.
- வாசகர், சிவகாசி

பதில்: பரோட்டாவுக்குக் காரணம் கத்திதான். பிஎச்பியின் சப்ஸ்ட்ர் எழுத்தை வெட்டாது, பைட்டை வெட்டும். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'வணக்கம்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு குறி, இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். பைட் கணக்கில் 21. பத்தாவது பைட்டில் வெட்டினால் மூன்று குறி முழுதாக வரும், நான்காவதின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தொங்கும்.

அந்தத் தொங்கலோடு ஜேசன் ஆக்கும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அது 'ஃபால்ஸ்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். சத்தம் போடாது. நீங்களும் கவனிக்காமல் வெற்று உறையை அனுப்பியிருப்பீர்கள். வெட்டு சரியாகக் குறியின் எல்லையில் விழுந்த நாளில் செய்தி போயிருக்கும், நடுவில் விழுந்த நாளில் போயிருக்காது. சில நாள் மர்மம் இவ்வளவுதான்.

எம்பி-சப்ஸ்ட்ர் போட்டால் குறி உடையாது. ஆனால் புள்ளியும் கொம்பும் கழன்றுபோகும். 'மின்தடை'யை மூன்றாவது குறியில் வெட்டினால் 'மின' என்று நிற்கும், புள்ளி மறுபக்கம். இன்டில் நீட்சியில் இருக்கும் கிராஃபீம்-சப்ஸ்ட்ர் தான் நம் எழுத்தை எழுத்தாக மதிக்கும். அதைவிட நல்லது, உதவி ஆசிரியரிடம் சின்னத் தலைப்பாக எழுதச் சொல்வது. மொத்தச் செய்திக்கே 4,096 பைட்தான் இடம். சுருங்கிய நிலையில் போன் காட்டுவதும் ஓரிரு வரிதான்.

கேள்வி: முகூர்த்த நேரத்தை நினைவூட்டும் நோட்டிபிகேஷனுக்கு நாதஸ்வர ஒலி வைக்க முடியுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும். ஆனால் சர்வரிலிருந்து ஒலியை அனுப்ப முடியாது, ஒலியின் பெயரைத்தான் சொல்ல முடியும். ஒலிக் கோப்பு ஆப்புக்குள் இருக்க வேண்டும். 30 நொடியைத் தாண்டினால் ஐபோன் அதை ஒதுக்கிவிட்டு வழக்கமான 'டிங்' அடிக்கும், ஆகவே ஆலாபனை வேண்டாம். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒலியைத் தீர்மானிப்பது 'சேனல்'. ஒருமுறை உருவாக்கிய சேனலின் ஒலியை ஆப்பால் மாற்ற முடியாது, வேறு பெயரில் புதுச் சேனல் திறந்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஸ்கிரிப்ட் அனுப்பும் எல்லாவற்றுக்கும் 200 என்றே பதில் வருகிறது. ஆனாலும் பலருக்கு நோட்டிபிகேஷன் வருவதில்லை. பொய் சொல்வது யார்?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: யாரும் சொல்லவில்லை. தபால் நிலையத்துக் கவுண்டரில் வாங்கிக்கொண்டு தரும் சீட்டுதான் 200, பெற்றவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை அல்ல.

பெறாதவரின் போனை வாங்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் ஆப் அனுமதி கேட்டே ஆக வேண்டும். முதல் முறை திறந்தபோது எரிச்சலில் 'வேண்டாம்' என்று தட்டியிருப்பார். சில போன்களில் மின்கலத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு ஆப்பைத் தூங்கவைத்துவிடும், 'ஆட்டோஸ்டார்ட்' என்ற அமைப்பைத் திறந்துவிட வேண்டும். செட்டிங்ஸில் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்தவருக்கு, அவர் மறுபடி ஆப்பைத் திறக்கும் வரை ஒன்றும் வராது. நீங்கள் வெறும் 'டேட்டா' மட்டும் அனுப்பினால் அதைத் திரையில் காட்டுவது உங்கள் ஆப்பின் பொறுப்பு. 'நோட்டிபிகேஷன்' பகுதியும் சேர்த்தால், ஆப் பின்னணியில் இருக்கும்போது போனே காட்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் 200 என்கிறீர்களே, அதில் எனக்குச் சந்தேகம். உண்மையிலேயே ஒவ்வொரு பதிலையும் பதிந்து வைக்கிறீர்களா? ஆப்பை அழித்தவர்கள் இருந்தே தீருவார்கள். அவர்கள் டோக்கனுக்கு 404, 'அன்ரெஜிஸ்டர்ட்' என்று வரும், உடனே டேபிளிலிருந்து நீக்குங்கள். 503 வந்தால் நீக்கக் கூடாது, கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து, ஒரு நாள் கூகுள் சர்வர் திணறியபோது பாதி டேபிளை அழித்துவிட்டு வந்து நின்றவரை எனக்குத் தெரியும். 270 நாள் தொடர்பே இல்லாத ஆண்ட்ராய்டு டோக்கனை ஃபயர்பேஸே காலாவதி ஆக்கிவிடுகிறது. உங்கள் டேபிளில் கடைசியாகப் புதுப்பித்த தேதி என்று ஒரு பத்தி இருக்கிறதா?

கேள்வி: யாரையும் தொந்தரவு செய்யாமல் ஸ்கிரிப்டைச் சோதிப்பது எப்படி?
- வாசகி, மதுரை

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. பல வருடத்துக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக இரவு இரண்டு மணிக்குச் சோதனை ஓட்டினேன். சோதனை டேபிள் என்று நினைத்தது உண்மையான டேபிள். 'டெஸ்ட் டெஸ்ட் அம்மா சாப்பிட்டாச்சா' என்ற வாசகம் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் போனது. காலையில் மூன்று பேர் 'சாப்பிட்டாச்சு' என்று பதில் எழுதியிருந்தார்கள்.

வி1 கோரிக்கையில் 'வேலிடேட் ஒன்லி' என்று ஒரு புலம் உண்டு. அதை 'ட்ரூ' ஆக்கினால் ஃபயர்பேஸ் செய்தியைச் சரிபார்த்துப் பிழை சொல்லும், யாருக்கும் அனுப்பாது. அதில் தேறியபின் உங்கள் சொந்த டோக்கன் ஒன்றுக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

ஸ்கிரிப்டை இணைத்துக் கேள்வி அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாவிக் கோப்பை இணைக்காதீர்கள். இந்த மாதம் வந்தவற்றில் இரண்டில் இருந்தது. அந்த இருவரும் கூகுள் கிளவுட் கன்சோலில் அந்தச் சாவியை இன்றே நீக்கிவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளவும்.