பிளேக் எப்படி ஓய்ந்தது?

பள்ளி நூலகத்தில் ஐரோப்பாவின் 'கருப்பு மரணம்' பற்றி நாங்கள் படித்தோம். 1347-ஆம் ஆண்டு கப்பல்களில் வந்த பிளேக் நோய், நான்கைந்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டுபோயிற்று. எப்படி வந்தது என்பது விரிவாக இருந்தது. எப்படி நின்றது? அதைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

உண்மையில் அது நிற்கவில்லை. ஓய்ந்து ஓய்ந்து மீண்டும் வந்தது. 1377-இல் ரகூசா என்னும் துறைமுகத்தில், நோயுள்ள ஊர்களிலிருந்து வருவோரை முப்பது நாட்கள் ஊருக்கு வெளியே நிறுத்தினர். பின்னர் அது நாற்பது நாட்களாயிற்று. நோயின் காரணம் அறியாமலே செய்த நல்ல காரியம் அது! மக்கள் புனித செபஸ்தியாரை வேண்டிக்கொண்டனர். நம் கோயம்புத்தூரிலோ 'பிளேக் மாரியம்மன்' கோயில்களே எழுந்தன. அச்சம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலும்.

ஆம், நம் நாட்டிற்கும் அது வந்தது. 1896-இல் பம்பாயில் தொடங்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அரசு அதிகாரிகள் வீடு புகுந்து சோதனையிட்டதால் மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். அவ்வேளையில், பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் பூலே அம்மையார், புனே அருகே நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு சென்றார். அந்நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று உயிர் நீத்தார். இதைப் படித்தபோது எங்களில் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறு ஆண்டு கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் உண்மையைக் கண்டார். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே கிருமியைச் சுமக்கிறது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் பூச்சி வேறு உடலைத் தேடித் தாவுகிறது. கிருமிகள் பெருகிப் பூச்சியின் உணவுப்பாதையை அடைத்துவிடும். குடித்த இரத்தம் உள்ளே இறங்காது. ஆகவே பசி தீராமல் மீண்டும் மீண்டும் கடிக்கும். கடிக்கும்போது கிருமியும் நம் உடலில் புகும். வடக்கே மலைக்கிராமத்தார், எலிகள் செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்து காட்டுக்குப் போய்விடுவார்களாம். படித்தவர்கள் பின்னால் கண்டதை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர்!

எங்களை மிகவும் வியக்க வைத்தது சென்னையின் கதை. கோயம்புத்தூர், சேலம், நீலகிரி பக்கம் நோய் வாட்டியபோதும் சென்னை நகரம் பெரும்பாலும் தப்பியது. ஏன்? கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் எலிகளின் பூச்சிகளை ஆராய்ந்தார். பம்பாயில் நோய் பரப்பியது 'கியோப்பிஸ்' என்னும் வகை. சென்னையிலும் கொழும்பிலும் எலிகளிடம் அதிகம் இருந்தது 'ஆஸ்தியா' என்னும் வேறு வகை. அது பிளேக்கைப் பரப்புவதில் மந்தமானது. நம் முன்னோரின் சுத்தம் காத்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் காத்ததில் பெரும் பங்கு ஒரு பூச்சியின் மந்தப் புத்திக்கு உண்டு.

பிற்பாடு ஹாஃப்கின் தடுப்பூசி, எலி ஒழிப்பு, மலேரியாவுக்காக வீடுகளில் அடித்த டி.டி.டி., ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து எனப் பலவும் சேர்ந்து நோயை ஒடுக்கின. 1966-க்குப் பின் பல ஆண்டுகள் இந்தியாவில் அதன் பேச்சே இல்லை. 1994-இல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினர். ஆயினும் டெட்ராசைக்ளின் கையில் இருந்ததால் சில வாரங்களில் அடங்கிற்று. கிருமி இன்னும் அழியவில்லை. மடகாஸ்கர் தீவில் 2017-இல் பெரிதாகப் பரவியது.

அம்பத்தூர் எலிகளிடம் இருப்பது ஆஸ்தியாவா, கியோப்பிஸா என்று உயிரியல் ஆசிரியையைக் கேட்டோம். "பிடித்து வாருங்கள், நுண்ணோக்கியில் பார்க்கலாம்" என்றார். இதுவரை எங்கள் வகுப்பில் ஒருத்தியும் முன்வரவில்லை.