ஆங்கிலம் அறிவோம்: 'ஐஸ்லேண்டிக்' என்றொரு சொல்



ஆண்டு மலர் என்றால் கவிதை, கதை, துணுக்கு எல்லாம் இருக்கும். இதில் இலக்கணப் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள். ஒர்க் ஷாப்பில் நூலளவு பிசகாமல் ஃபிட்டிங் செய்கிற நண்பன், வைவாவில் கேள்வி கேட்டதும் வாய் திறக்காமல் நிற்கிறான். விடை தெரியாமல் அல்ல. 'இங்கிலீஷ்ல தப்பா சொல்லிட்டா சிரிப்பாங்களே' என்ற பயம். இந்தப் பயத்தால் நம்மவர்கள் இழக்கிற மார்க்கும் வேலையும் கொஞ்சமல்ல. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் விதிகள் ஏராளம். அத்தனையையும் மனப்பாடம் செய்வது ஆகிற காரியமில்லை. எனவே நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது வாக்கியத்தில் எங்கெங்கே எப்படி உட்காருகிறது என்று பார்ப்பேன். ஒரு இன்ஜினைப் பிரித்து மாட்டிவிட்டால் மற்ற இன்ஜின்களும் பாதி புரிந்துவிடும் அல்லவா? அதே மாதிரிதான். இந்த முறை நான் எடுத்துக்கொண்ட சொல் 'ஐஸ்லேண்டிக்'.

ஐஸ்லாந்து, வட அட்லாண்டிக் கடலில் இருக்கிற ஒரு தீவு நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம்தான். தலைநகர் ரெய்க்யவிக். எரிமலையும் பனிப்பாறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊர். அங்கே பத்தில் ஒன்பது வீடுகளுக்கு, பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால்தான் கதகதப்பு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நாடு!

1. நாடு வேறு, அடை வேறு, ஆள் வேறு

தமிழில் நாட்டின் பெயரை அப்படியே முன்னால் வைத்தால் போதும். 'ஜப்பான் மெஷின்', 'சைனா செட்' என்கிறோம். யாரும் தவறு சொல்வதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஜப்பான் மெஷின்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது 'ஜாப்பனீஸ் மெஷின்' என்று மாற வேண்டும். அதே போலத்தான் 'ஐஸ்லண்ட் கவர்ன்மென்ட்' அல்ல, 'ஐஸ்லேண்டிக் கவர்ன்மென்ட்'.

1955ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னஸ் அந்த நாட்டுக்காரர். அவரைப் பற்றிய இந்த நான்கு வாக்கியங்களைப் பாருங்கள்.

லாக்ஸ்னஸ் வாஸ் பார்ன் இன் ஐஸ்லண்ட். – இது நாடு.
லாக்ஸ்னஸ் வாஸ் அன் ஐஸ்லேண்டிக் ரைட்டர். – இது அடைச்சொல். பின்னால் 'ரைட்டர்' வருகிறது.
லாக்ஸ்னஸ் வாஸ் அன் ஐஸ்லண்டர். – இது ஆள்.
லாக்ஸ்னஸ் ரோட் இன் ஐஸ்லேண்டிக். – இது மொழி.

இந்த நான்கும் மனதில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. 'ஹீ இஸ் அன் ஐஸ்லேண்டிக்' என்று நிறுத்தக் கூடாது. 'ஹீ இஸ் ஐஸ்லேண்டிக்' எனலாம். அல்லது 'ஹீ இஸ் அன் ஐஸ்லண்டர்' எனலாம். முன்னால் 'அன்' போட்டால் ஆளைக் குறிக்கும் சொல் வேண்டும். பல பேர் என்றால் 'ஐஸ்லண்டர்ஸ்'. 'ஐஸ்லேண்டிக்ஸ்' என்று மக்களைச் சொல்வதில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு ஏன் வருகிறது? நம் 'இந்தியன்' என்ற சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. 'இந்தியன் ஃபுட்' என்றாலும் 'ஹீ இஸ் அன் இந்தியன்' என்றாலும் ஒரே சொல். எல்லா நாட்டுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இந்தப் பட்டியலைப் பாருங்கள்: நாடு, அடை, ஆள் என்ற வரிசை.

இந்தியா – இந்தியன் – இந்தியன்
ஜப்பான் – ஜாப்பனீஸ் – ஜாப்பனீஸ்
ஐஸ்லண்ட் – ஐஸ்லேண்டிக் – ஐஸ்லண்டர்
டென்மார்க் – டேனிஷ் – டேன்
ஸ்வீடன் – ஸ்வீடிஷ் – ஸ்வீட்
போலண்ட் – போலிஷ் – போல்
ஸ்பெயின் – ஸ்பானிஷ் – ஸ்பானியர்ட்

முதல் இரண்டுக்கும் அடையும் ஆளும் ஒன்றே. மற்றவற்றுக்கு வேறு வேறு.

2. 'எ' போடுவதா, 'அன்' போடுவதா?

'ஐஸ்லேண்டிக்' உயிரொலியில் தொடங்குவதால் 'அன் ஐஸ்லேண்டிக் ஷிப்'. இதில் எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். 'யூரோப்பியன்' என்ற சொல்லின் முதல் எழுத்து 'இ'. ஆனால் காதில் விழுவது 'யூ'. ஆகவே 'எ யூரோப்பியன் ஷிப்'. நம் ஒர்க் ஷாப்பிலேயே உதாரணம் இருக்கிறது. 'அன் ஐ-செக்‌ஷன்', 'அன் எல்-ஆங்கிள்'. ஆனால் 'எ யூ-போல்ட்'. ரெக்கார்டு நோட்டில் இதைச் சரியாக எழுதிப் பாருங்கள்.

3. மொழி என்றால் 'தி' வேண்டுமா?

வெறும் மொழிப் பெயருக்கு முன்னால் 'தி' வராது. 'ஷீ ஸ்பீக்ஸ் ஐஸ்லேண்டிக்' சரி. 'ஷீ ஸ்பீக்ஸ் தி ஐஸ்லேண்டிக்' தவறு. ஆனால் பின்னால் 'லாங்குவேஜ்' சேர்த்தால் 'தி' வந்துவிடும்: 'தி ஐஸ்லேண்டிக் லாங்குவேஜ்'. தமிழுக்கும் இதே கணக்குதான். 'ஐ ஸ்பீக் டமில்', 'தி டமில் லாங்குவேஜ்'.

ஒரு விதிவிலக்கு உண்டு. மொழிபெயர்ப்பு நூல்களின் முதல் பக்கத்தில் 'டிரான்ஸ்லேட்டட் ஃப்ரம் தி ஐஸ்லேண்டிக்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 'மூலமான ஐஸ்லாந்து மொழியிலிருந்து' என்பது பொருள். அது பதிப்பகத்தார் வழக்கம். 'தி' இல்லாமலும் எழுதுகிறார்கள்.

எழுதும்போது இன்னொன்று. அடையாக வந்தாலும் மொழியாக வந்தாலும் முதல் எழுத்து பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் அப்படியே.

4. வரிசை முக்கியம்

ஒரு பொருளுக்கு முன்னால் பல அடைகள் வந்தால் எது முன், எது பின்? முதலில் அளவு, பிறகு வயது, அதற்கும் பிறகு நாடு, கடைசியில் பயன். 'எ ஸ்மால் ஓல்டு ஐஸ்லேண்டிக் ஃபிஷிங் போட்'. 'அன் ஐஸ்லேண்டிக் ஓல்டு ஸ்மால் ஃபிஷிங் போட்' என்று சொன்னால் நட்டைப் போட்டுவிட்டு வாஷரைத் தேடுவது மாதிரி! 'எ பிக் நியூ ஜெர்மன் மில்லிங் மெஷின்' என்பதும் இதே வரிசை.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியதால் ஐரோப்பாவில் பல நாள் விமானங்கள் ஓடவில்லை. மலையின் பெயர் எய்யாஃப்யாட்லயோக்குட்ல்; செய்தி வாசிப்பவர்களுக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர். அதனால் பலர் 'தி ஐஸ்லேண்டிக் வால்கேனோ' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். பெயர் வராதபோது நாட்டு அடை கைகொடுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

5. எங்கே அழுத்திச் சொல்வது?

நாட்டின் பெயரில் அழுத்தம் முதல் அசையில்: 'ஐஸ்-லண்ட்'. 'இக்' சேர்ந்ததும் அழுத்தம் நகர்கிறது: ஐஸ்-'லேண்'-டிக். 'லண்' என்று மங்கி ஒலித்தது 'லேண்' என்று தெளிவாகிறது. 'இக்'கில் முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தின அசைக்குத்தான் அழுத்தம். நாம் தினமும் புழங்குகிற சொற்களையே சொல்லிப் பாருங்க: மேக்னட் – மேக்னெடிக், ஆட்டம் – அட்டாமிக், மெட்டல் – மெட்டாலிக். எல்லாம் அதே விதி. 'அரபிக்' போன்ற சில மட்டும் விலகி நிற்கும். அதில் முதல் அசைக்கே அழுத்தம். ஒரு விதி தெரிந்தால் ஐம்பது சொற்கள் வாயில் சரியாக வரும் என்பதைக் கவனியுங்கள்.

6. விதிக்கு அடங்காதவை

எல்லா இடத்திலும் 'ஐஸ்லேண்டிக்' போட்டால் சரி என்று நினைக்க வேண்டாம். ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிற ஒரு கால்சைட் படிகம் உண்டு. இந்த இரட்டை ஒளிவிலகலை 1669இல் டென்மார்க் அறிஞர் பார்த்தோலின் வெளியிட்டார். 1828இல் நிக்கல் என்பவர் செய்த பிரிசமும் இந்தப் படிகத்தால் ஆனதே. இதன் ஆங்கிலப் பெயர் 'ஐஸ்லண்ட் ஸ்பார்'. 'ஐஸ்லேண்டிக் ஸ்பார்' அல்ல. ஆனால் வானிலைப் பாடத்தில் அந்தத் தீவின் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு 'ஐஸ்லேண்டிக் லோ'. ஏன் இப்படி என்றால், நிலைத்துப்போன பெயர், அவ்வளவுதான். கலைச்சொல்லைக் கலைச்சொல்லாகவே பழக வேண்டும்.

'வெரி ஐஸ்லேண்டிக்' என்று சொல்லலாமா? 'வெரி ஐஸ்லேண்டிக் பாஸ்போர்ட்' என்றால் பொருளில்லை. பாஸ்போர்ட் ஒன்று அந்த நாட்டினுடையது, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் 'எ வெரி ஐஸ்லேண்டிக் ஆன்சர்' என்றால் 'அந்த ஊர்க்காரர்களுக்கே உரிய பதில்' என்று அர்த்தம். அது சரி.

7. நமக்கும் அவர்களுக்கும்

ஐஸ்லாந்து மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ஒரு சொல் நம் வீட்டுக் குளியலறையிலேயே தொங்குகிறது. அதுதான் 'கீசர்'! 'கேய்சிர்' என்பது அங்கே பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர். அது ஆங்கிலத்தில் பொதுச்சொல்லாகி, வெந்நீர்க் கருவிக்கும் பெயராயிற்று.

அங்கும் நம்மைப் போலவே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். 1980இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் என்ற பெயருக்கு 'ஃபின்போகியின் மகள் விக்டிஸ்' என்று அர்த்தம். தலைவரானாலும் 'விக்டிஸ்' என்றுதான் அழைப்பார்கள். 'சர்நேம்' கேட்கும் விண்ணப்பத்தைப் பார்த்து விழிக்கிற நமக்கு இது ஆறுதல்தானே!

கம்ப்யூட்டர் வந்தபோது அவர்கள் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணைக் குறிக்கும் சொல்லையும் வருங்காலம் சொல்பவளைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து 'டெல்வா' என்று 1960களில் படைத்தார்கள். நாம் 'கணினி' படைத்தது போல. ஏறத்தாழ 4 லட்சம் பேர் பேசுகிற மொழிக்கே இவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலமும் படிக்கிறார்கள், தங்கள் மொழியையும் விடவில்லை. தமிழ் வழியில் படித்ததற்காக நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்க!

1. மை ஃப்ரெண்ட் இஸ் அன் ——.
2. ஹீ இஸ் லேர்னிங் ——.
3. ரெய்க்யவிக் இஸ் தி கேபிடல் ஆஃப் ——.
4. ஃபிஷர் பிகேம் அன் —— சிட்டிசன் இன் 2005. (1972இல் ரெய்க்யவிக்கில் உலக செஸ் பட்டம் வென்ற அதே பாபி ஃபிஷர்தான்.)
5. —— ஸ்பார் ஸ்ப்ளிட்ஸ் எ ரே ஆஃப் லைட் இன்டு டூ.

விடைகள்: 1. ஐஸ்லண்டர் 2. ஐஸ்லேண்டிக் 3. ஐஸ்லண்ட் 4. ஐஸ்லேண்டிக் 5. ஐஸ்லண்ட்.

ஐந்தும் சரியா? சபாஷ்! இனி வாரம் ஒரு சொல்லை எடுங்கள். நாடா, அடையா, ஆளா, மொழியா, 'எ'யா, 'அன்'னா, 'தி' வேண்டுமா, எங்கே அழுத்தம் என்று கேஜ் வைத்துப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஹாஸ்டலில் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் இன்னும் நல்லது. ஆறு செமஸ்டர் முடிவதற்குள் நூறு சொற்கள் கைவசமாகிவிடும். நூறு சொல் தெரிந்தவன் வைவாவில் நிச்சயம் வாய் திறப்பான்!