முட்டி வலித்தால் மலை ஏறலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. முழங்கால் தேய்மானம் என்கிறார்கள். மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் கோயிலுக்கு ஏறிப் போவதை நிறுத்திவிட வேண்டுமா?
– வாசகி, நார்த்தாமலை

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். முட்டியில் தேய்கிற குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. காலை அசைக்கும்போதுதான் மூட்டுநீர் வழியே அதற்கு ஊட்டம் போகிறது. முடங்கி உட்கார்ந்தால் தொடைத் தசை வற்றி, பாரமெல்லாம் மூட்டின் மேல் விழும்.

முதலில் தொடைக்குப் பலம் ஏற்றுங்கள். சுவரோரம் நாற்காலி போட்டு, முடிந்தவரை கை ஊன்றாமல், மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். காலையும் மாலையும் 10 முறை போதும். சமதளத்தில் நடந்து பழகுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடமாட்டம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிறகு பாறை ஏறலாம். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முட்டிக்குச் சுமை அதிகம். கைத்தடி ஊன்றி, சின்னச் சின்ன அடியாக, பாறை சுடுவதற்குள் இறங்கிவிடுங்கள். மறுநாளும் வலி நீடித்தால் அளவைக் குறையுங்கள். வீக்கமோ சூடோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தயங்காதீர்கள், எந்த வயதிலும் தசைக்குப் பலம் கூடும்.