ஐந்து எண்ணும் இசை

கடலூர்க்காரர்களுக்கு வாசிப்பில் சற்றே கர்வம் உண்டு. புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். அக்கா தங்கையரான எங்களுக்கும் அந்தக் கர்வம் வந்துவிட்டது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்போம். புரியாத பக்கங்களைப் புரட்டிவிட்டு, முழுவதும் படித்ததாகவே சொல்லிக்கொள்வோம்.

அப்படிப் புரட்டியவற்றில் ஒன்று ஜாஸ் இசை பற்றிய நூல். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர், நியூ ஆர்லியன்ஸ் நகரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த இசை அது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, வாசிக்கும்போதே கற்பனையால் விரித்துச் செல்வார்கள். இவ்வளவும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு நாளும் கேட்டதில்லை!

பிறகு ஒரு நாள் கேட்டோம். டேவ் புரூபெக் குழுவினர் 1959-இல் வெளியிட்ட ‘டைம் அவுட்’ இசைத்தட்டில் உள்ள ‘டேக் ஃபைவ்’. இயற்றியவர் அக்குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். காலால் தட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் தப்பியது. “என்ன இரைச்சல் இது?” என்றார் அம்மா.

ஆனித் தேர் பார்க்கச் சிதம்பரத்தில் பாட்டி வீட்டுக்குச் சென்றிருந்தோம். பாட்டி சிறுவயதில் பாட்டுக் கற்றவர். கைபேசியில் அதைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடித் தொடையில் தட்டியவர், “அஞ்சுதானேடி! நம்ம கண்ட சாபுதான், திருப்பிப் போட்டிருக்கான்” என்றார். உண்மைதான். கண்ட சாபு ‘தக தகிட’ என இரண்டும் மூன்றுமாக நடக்கும். இது ‘தகிட தக’ என மூன்றும் இரண்டுமாக நடக்கிறது. மறுநாள் வீதியில் நாகசுரத்தில் மல்லாரி கேட்டோம். சாகித்தியம் கிடையாது. ஒரே அமைப்பைக் காலம் மாற்றி மாற்றி வாசிக்க, தவில் கூடவே ஓடியது. நூலில் நாங்கள் வேகமாகத் தாண்டிய பக்கங்கள் அங்கே நின்றபோதுதான் நினைவுக்கு வந்தன.

ஊர் திரும்பி, இம்முறை நிதானமாகப் படித்தோம். புரூபெக் 1958-இல் சென்னைக்கே வந்திருக்கிறார். அவருடைய குழுவினர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். பாட்டிக்கு உடனே தொலைபேசியில் சொன்னோம். அவருக்கு வியப்பே இல்லை!

இன்னொன்றையும் அறிந்தோம். குழுவில் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். 1960-இல் அமெரிக்காவின் தென்பகுதிக் கல்லூரிகள் பல, அவருக்குப் பதில் வெள்ளையர் ஒருவரை அழைத்து வரும்படி கேட்டன. புரூபெக் மறுத்துவிட்டார். கச்சேரிகளில் பெரும்பாலானவை கைவிட்டுப் போயின. இது காதுக்கு மட்டும் தெரிந்திருக்குமா?

இப்போது ‘டேக் ஃபைவ்’ கேட்கும்போது, அடியில் அமைதியாக ஒலிக்கும் ரைட்டின் பாஸையே தேடிக் கேட்கிறோம். அம்மா இரைச்சல் என்று சொல்வதில்லை. கொஞ்சம் மெதுவாக வைக்கச் சொல்கிறார்.